நீர்மூழ்கிக் கொள்வனவு பற்றி எழுதத் தொடங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்தில் பன்னாட்டு அரசியல் எழுதப் பழகும் இளையவர்கள் சிலர், கட்டுரைகள் அச்சுக்குப் போகுமுன் என்னிடம் காட்டுவதுண்டு. அண்மையில் வந்த மூன்று கட்டுரைகள் நீர்மூழ்கிக் கொள்வனவு பற்றியவை. மூன்றிலும் என் பழைய பிழைகளே திரும்ப வந்திருந்தன. டீசல் நீர்மூழ்கியை அணுசக்தி நீர்மூழ்கி என்று எழுதுவது போன்றவற்றை ஒருமுறை சுட்டிக்காட்டினால் போதும் என்பதால், அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

மொத்தத் தொகையை எண்ணிக்கையால் வகுத்தல்

2016 ஏப்ரலில் அவுஸ்திரேலியா பிரான்ஸின் வடிவமைப்பைத் தெரிவுசெய்து 12 நீர்மூழ்கிகளைக் கட்டப்போவதாக அறிவித்தபோது, திட்டச் செலவு 50 பில்லியன் அவுஸ்திரேலிய டொலர் எனப்பட்டது. அதை 12 ஆல் வகுத்து, ஒன்றின் விலை நான்கு பில்லியனுக்கும் மேல் என்று கண்டு, ஸ்கோர்பீன் என்னும் பிரெஞ்சு வகை நீர்மூழ்கிகளுக்கான இந்தியாவின் ஒப்பந்தத்துடன் ஒப்பிட்டு, அவுஸ்திரேலியர் ஏமாந்துவிட்டனர் என்று தீர்ப்பும் எழுதினேன். குருநகரில் கடற்றொழில் செய்யும் என் ஒன்றுவிட்ட அண்ணர் அதை வாசித்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "தம்பி, இது எஞ்சினோட விலையோ, வெறும் வள்ளத்தின்ர விலையோ?" என்னிடம் பதில் இருக்கவில்லை.

அந்த 50 பில்லியன் பிரெஞ்சு நிறுவனத்துக்குப் போகும் தொகை அன்று. அமெரிக்க நிறுவனமொன்று தனியே வழங்கவிருந்த போர் முறைமை (உணரிகளையும் ஆயுதங்களையும் இணைத்து இயக்கும் கணினி அமைப்பு) உட்பட முழுத் திட்டத்துக்குமான மதிப்பீடு. அதுவும் நிலையான விலையில், அதாவது வருங்காலப் பணவீக்கத்தைச் சேர்க்காமல் கணித்தது. பணம் செலவாகப்போகும் ஆண்டுகளின் விலையில் கணித்தபோது தொகை ஏறத்தாழ 90 பில்லியனாயிற்று. அதைக் கண்டதும் செலவு இரட்டிப்பாகிவிட்டது என்று நான் இரண்டாவது கட்டுரையும் எழுதினேன். இன்றுவரை எனக்கு எரிச்சலூட்டுவது இந்த இரண்டாவது பிழைதான், ஏனெனில் அண்ணரின் கேள்விக்குப் பிறகும் அதைச் செய்தேன். 2021 செப்டெம்பரில் திட்டம் கைவிடப்பட்டது. உடனே, அவுஸ்திரேலியா 90 பில்லியனை இழந்தது என்று எழுதுவோர் கிளம்பினர். அண்மையில் வந்த கட்டுரைகளில் ஒன்றும் அதையே சொல்கிறது. பிரெஞ்சு நிறுவனத்துக்குக் கொடுத்த 555 மில்லியன் யூரோ தீர்வுத் தொகையையும் சேர்த்து, உண்மையில் செலவானது சுமார் 3.4 பில்லியன் அவுஸ்திரேலிய டொலர். அதுவே போதிய வீண்செலவு. அதைப் பெருப்பிக்கத் தேவையில்லை.

நான் ஒப்பீட்டுக்கு எடுத்த ஸ்கோர்பீனின் கதையும் இதேதான். அவற்றுக்கென்று தெரிவுசெய்யப்பட்ட பிளாக் ஷார்க் டோர்பிடோக்கள் (நீருக்கடியில் பாய்ந்து கப்பல்களைத் தாக்கும் ஆயுதங்கள்) வேறொரு கொள்வனவின்கீழ் வரவிருந்தன. ஊழல் சர்ச்சையால் அந்தக் கொள்வனவு கைவிடப்பட, இந்தியாவின் முதல் ஸ்கோர்பீனாக 2017 டிசம்பரில் சேவைக்கு வந்த கல்வரி பழைய ஜேர்மன் டோர்பிடோக்களையே நம்பவேண்டியதாயிற்று. ஆகவே ஒரு தொகையை எழுதுமுன் அது எந்த ஆண்டின் விலை, ஆயுதமும் பயிற்சியும் உதிரிப்பாகமும் அதற்குள் அடங்குமா என்று பாருங்கள், தெரியாவிட்டால் வகுக்காதீர்கள்.

விற்பவரை மட்டும் பார்த்தல்

2017 இல் தாய்லாந்து சீனாவிடம் 13.5 பில்லியன் பாட் (தாய்லாந்து நாணயம்) விலையில் ஒரு நீர்மூழ்கி கேட்டது. அதற்கு ஜேர்மன் இயந்திரம் பொருத்துவதாக ஏற்பாடு. ஆனால் சீனாவுக்கு எதிராக 1989 முதல் நடைமுறையிலிருக்கும் ஐரோப்பிய ஆயுதத் தடையைக் காரணம்காட்டி ஜேர்மனி மறுத்துவிட்டது. சீன இயந்திரத்தையே ஏற்பதென்று தாய்லாந்து முடிவெடுக்க 2025 ஆகிவிட்டது. அண்ணர் கேட்ட கேள்வியைப் பாங்கொக்கிலும் யாரோ கேட்டிருக்கலாம்.

எடை

ஒரே நீர்மூழ்கிக்கும் இரண்டும் வேறுபடும் என்பதால், மேற்பரப்பிலா, நீருக்கடியிலா என்று குறிப்பிடாமல் தொன் கணக்கு எழுதாதீர்கள்.

பழையதை மலிவென்று கொள்ளல்

கனடா 1998 இல் பிரித்தானியாவிடமிருந்து நான்கு பழைய நீர்மூழ்கிகளைப் பெற்றது. அவற்றுள் சிக்கூட்டிமி 2004 ஒக்டோபரில் கனடாவுக்கான முதற் பயணத்திலேயே தீப்பற்றி ஓர் அதிகாரி இறந்தார்.

ஊழல் என்று எழுதிவிட்டு நிறுத்துதல்

ஊழல் செய்தி வந்ததும் கட்டுரை முடிந்துவிட்டதாக எண்ணுவோர் பலர். 1981 இல் இந்தியா ஜேர்மனியிடம் நான்கு நீர்மூழ்கிகளுக்கு ஒப்பந்தம் செய்தது. இரண்டு அங்கே, இரண்டு மும்பையில் கட்டுவதாக ஏற்பாடு. 1987 இல் தரகுக் குற்றச்சாட்டு எழுந்தபின் மேலதிகமாகக் கட்டும் எண்ணம் கைவிடப்பட்டது. தரகு வாங்கியவர் யார் என்ற விவாதம் நீண்டுகொண்டிருக்க, நீர்மூழ்கி உடலை உருக்கிணைக்கப் பயின்ற மும்பைத் தொழிலாளர்கள் வேலையின்றிக் கலைந்தனர். மும்பைக் கப்பல் கட்டும் தளத்தில் கட்டிய இரண்டாவது ஜேர்மன் வகை நீர்மூழ்கி 1994 இல் சேவைக்கு வந்தது. அதற்கடுத்தது 2017 இல் வந்த கல்வரி.