தூலூஸ் லோத்ரெக்கின் ‘படுக்கை’: பார்ப்பவர் செய்யும் பிழைகள்

பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் உள்ள ‘படுக்கை’ என்னும் ஓவியத்தை ஹென்றி து தூலூஸ் லோத்ரெக் 1892ஆம் ஆண்டளவில் வரைந்தார். போர்வைக்குள் கழுத்துவரை புதைந்த இருவர் தலையணையில் தலை சாய்த்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். படத்தில் நிகழ்வது அவ்வளவுதான். காட்சி இத்தனை எளிமையாக இருப்பதனாலேயே, பார்ப்பவர் தம் மனத்தில் முன்பே இருக்கும் கதையை அதன்மேல் ஏற்றிவிடுகிறார்.

தலைமயிர் குட்டையாக இருப்பதைக் கண்டு ஒருவரை ஆண் என்று கொண்டு, இதைக் கணவன் மனைவியின் படமாகப் பார்ப்பது பலரும் செய்யும் பிழை. நானும் முதலில் அப்படித்தான் பார்த்தேன். உண்மையில் இருவரும் பெண்கள்; பாரிஸின் பாலியல் தொழில் இல்லங்களில் வாழ்ந்தவர்கள். லோத்ரெக் அவ்வில்லங்களில் அவ்வப்போது தங்கி, அங்கிருந்த பெண்கள் காத்திருப்பதையும் தலைவாருவதையும் களைத்துக் கிடப்பதையும் வரைந்தவர்.

இதை அறிந்தவுடன் படத்தில் கிளர்ச்சியைத் தேடத் தொடங்குவது அதைவிடப் பெரிய பிழை என்பேன். பிறர் பார்வைக்கும் விலைக்கும் உரியதாக்கப்பட்ட அவர்களுடைய உடல் இங்கே முற்றிலும் மறைக்கப்பட்டிருக்கிறது; வாடிக்கையாளர் எவரும் இல்லை; இருவரில் ஒருவரும் நம்மைத் திரும்பிப் பார்ப்பதில்லை. இந்த ஓவியத்தின் காதல் முழுவதும் அந்த இரு முகங்களுக்கு இடையிலுள்ள சிறிய வெளியில்தான் இருக்கிறது. இளமையில் இரு தொடையெலும்புகளும் முறிந்து கால்கள் வளராமற்போன ஓவியரின் தனிமையை இதில் படிப்பவர்கள், படுத்திருக்கும் அப்பெண்களை மறந்துவிடுகிறார்கள்.

இதே காலத்தில் அவர் வரைந்த, இருவர் தழுவி முத்தமிடும் ‘படுக்கையில்: முத்தம்’ வேறு ஓவியம், இரண்டையும் ஒன்றாகக் கொள்ளக் கூடாது. லோத்ரெக்கையும் சேர்த்துச் சொல்லும் ஓவியப் போக்கின் பெயரான போஸ்ட் இம்ப்ரெஷனிசம் என்றதும் வான்கோவின் கொந்தளிக்கும் வண்ணங்களை எதிர்பார்ப்பதும் பொருந்தாது. 1901இல் லோத்ரெக் இறந்து ஒன்பது ஆண்டுகளுக்குப் பின், லண்டன் கண்காட்சி ஒன்றுக்காக ஆங்கிலக் கலை விமர்சகர் ரோஜர் ஃபிரை வழங்கிய அப்பெயர், தம்முள் பெரிதும் வேறுபட்ட ஓவியர்களை ஒரே கூரையின்கீழ்க் கொண்டுவந்த பொதுப்பெயரே.

கோடு கோடாகத் தெரியும் தூரிகை வீச்சைக் கண்டு ஓவியம் முடிக்கப்படாமல் விடப்பட்டது என்று எண்ணுவோரும் உண்டு. இது துணியில் அன்று, அட்டையில் தீட்டப்பட்டது. எண்ணெய் வண்ணத்தை டர்ப்பென்டைனால் நீர்க்கச் செய்து அட்டையில் இட்டால், அட்டை எண்ணெயை உறிஞ்சிக்கொள்ள, வண்ணம் பளபளப்பின்றிச் சுண்ணக்கோல்போல விரைவில் உலர்ந்துவிடும். எனவே ஒவ்வொரு கோடும் போட்டது போட்டபடியே நிற்கிறது. அச்சுப்படத்தை மட்டும் பார்ப்பவருக்கு இது எளிதில் புலப்படாது; பெரிதாக்கிய படம் கிடைத்தால், முகங்களை விட்டுவிட்டு முதலில் தலையணையின் வெள்ளையில் எத்தனை நிறக் கோடுகள் ஓடுகின்றன என்று பாருங்கள்.