கேமராவுக்குக் காப்பீடு: படிவம் நிரப்பும் நாளிலேயே நேர்ந்துவிடும் தவறுகள்

வைகாசி முதல் நாள் குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசு ஊர்வலமாக வரும்போது வழியெங்கும் தேங்காய் உடைபடும். சில ஆண்டுகளுக்கு முன் அந்த நெரிசலில் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, தேங்காய்த் தண்ணீரில் ஊறிக் கிடந்த ஒரு கருங்கல் படியில் என் கால் வழுக்கியது. தோளில் மாட்டியிருந்த பட்டையின் கொக்கி கழன்று கேமரா குப்புற விழுந்தது. எடுத்துப் பார்த்தால், லென்ஸின் முன்வளையம் நசுங்கி, கேமராவின் உடலோடு அது பொருந்தும் மவுன்ட் ஒரு பக்கம் கோணியிருந்தது. காப்பீடு இருந்ததால் பதறவில்லை. அன்று மாலையே நிறுவனத்துக்குத் தகவல் சொல்லிவிட்டேன். சேதத்தை மதிப்பிட வீட்டுக்கு வந்த சர்வேயர் கேமராவைத் தலைகீழாகத் திருப்பி, அடியில் இருந்த சீரியல் எண்ணை எழுதிக்கொண்டார். அடுத்து லென்ஸைக் கழற்றி, அதன் எண்ணைக் கண்ணுக்கருகில் வைத்துப் படித்தார். பிறகு பில்லைப் பிரித்தார். அதில் “கேமரா செட் – 1” என்ற ஒரே வரி இருந்தது; அதன் கீழே உடலின் எண் மட்டும். பாலிசி அட்டவணையிலும் அதே வரிதான் ஏறியிருந்தது. “லென்ஸ் நம்பர் எதிலயும் இல்லீங்களே சார்” என்றார். உடலைப் பழுதுபார்த்த செலவு கிடைத்தது. உடலைவிட விலை கூடிய லென்ஸுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

அதன் பிறகு வேலூரிலும் காட்பாடியிலும் படம் எடுக்கும் நண்பர்கள் பலருடைய பாலிசிகளை உட்கார்ந்து வாசித்திருக்கிறேன். பொருள் உடைந்த பிறகு நடப்பதைவிட, படிவம் நிரப்பிய நாளில் எழுதியதும் எழுதாமல் விட்டதும்தான் பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கின்றன. ஆகவே உடல், ஒவ்வொரு லென்ஸ், ஃபிளாஷ் என எல்லாவற்றையும் தனித்தனி வரியாக, தயாரிப்பு, மாடல், சீரியல் எண், விலை ஆகியவற்றோடு அட்டவணையில் ஏற்றச் சொல்லுங்கள். பில்லில் எண் இல்லையென்றால் கடையில் கேட்டு எழுதி வாங்குங்கள். நடுவில் புதிய லென்ஸ் வாங்கினால், புதுப்பிக்கும் நாள் வரை காத்திராமல் என்டார்ஸ்மென்ட் எனப்படும் பாலிசித் திருத்தம் போட்டு அதையும் சேர்த்துவிட வேண்டும். பில்லே இல்லாமல் வெளிநாட்டிலிருந்து கைமாறி வந்த பொருள், மலிவாகக் கிடைத்தாலும், இழப்பீடு கேட்கும் நாளில் உங்களுடையது என்று நிரூபிப்பதற்கே வழியில்லாமல் நிற்கும்.

வீட்டுக் காப்பீட்டிலேயே கேமராவும் அடங்கிவிடும் என்று நம்புவது மிகப் பரவலான தவறு. 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரத் கிரஹ ரக்ஷா பாலிசியை எடுத்துக்கொள்வோம். தீ, மின்னல், நிலநடுக்கம், வெள்ளம் போன்றவற்றால் வீட்டுக்கும் வீட்டுப் பொருள்களுக்கும் நேரும் சேதத்தை அது ஏற்கிறது. திருட்டைப் பொறுத்தவரை, அத்தகைய ஒரு நிகழ்வின் காரணமாக, அது நடந்த 7 நாட்களுக்குள் நிகழும் திருட்டை மட்டுமே அது பார்க்கிறது. 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டபோது வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து கேமரா நனைந்திருந்தால், வீட்டுப் பொருள்களுக்கும் காப்பீடு எடுத்திருந்தவர் கேட்டிருக்கலாம். வேலூர்க் கோட்டை அகழிக் கரையில் ட்ரைபாட் சாய்ந்து கேமரா தண்ணீரில் விழுந்தால் அந்தப் பாலிசி உதவாது. வீட்டுக்கு வெளியே, கையில் இருக்கும்போது நேரும் விபத்துக்கு ஆல் ரிஸ்க் என்று சொல்லப்படும் பாலிசியோ, கையில் எடுத்துச் செல்லும் மின்னணுக் கருவிகளுக்கான பாலிசியோ, வீட்டுப் பேக்கேஜ் பாலிசியில் அதற்கென்று தனியாகச் சேர்த்த பிரிவோ வேண்டும்.

ஆல் ரிஸ்க் என்ற பெயரைக் கேட்டு எல்லாமே அடங்கும் என்று எண்ணிவிடக்கூடாது. அந்தப் பாலிசியின் விலக்குகள் பக்கத்தைத்தான் முதலில் வாசிக்க வேண்டும். தேய்மானம், படிப்படியாக ஏற்படும் கெடுதல், வெளிக்காரணம் எதுவுமின்றி உள்ளே ஏற்படும் மின் அல்லது இயந்திரக் கோளாறு, கீறல் ஆகியவை வழக்கமாக விலக்கப்பட்டவை. நம் ஊரில் மாசி பங்குனியிலிருந்தே காயும் வெயிலுக்குப் பழகிய நாம், ஐப்பசி கார்த்திகை மழையில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிப்பதைக் கவனிக்கத் தவறுகிறோம். கண்ணாடிக்குள் சிலந்தி நூல் போலப் படரும் அந்தப் பூஞ்சை திடீரென நேர்ந்த விபத்தாகக் கருதப்படுவதில்லை. அதற்குச் சிலிக்கா ஜெல் பொட்டலமும் காற்றுப் புகாத டப்பாவும்தான் பாதுகாப்பு. 2024 முதல் ஒவ்வொரு பாலிசியோடும் வாடிக்கையாளர் தகவல் தாள் ஒன்று தரப்பட வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் விதித்திருக்கிறது. எது அடங்கும், எது அடங்காது என்பது அதில் எளிய மொழியில் இருக்கும், கேட்டு வாங்குங்கள்.

இனி சொல்லப்போவது பலருக்கும் பிடிக்காத ஒன்று, ஆனாலும் சொல்லியாக வேண்டும். முன்மொழிவுப் படிவத்தில் “சொந்தப் பயன்பாடு” என்று எழுதிவிட்டு, தெரிந்தவர் வீட்டுக் காதணி விழாவுக்கு 3,000 ரூபாய் வாங்கிக்கொண்டு படம் எடுப்பவர்கள் நம்மில் நிறைய. தொகை சிறியது, ஆண்டுக்கு இரண்டு மூன்று முறைதான் என்பதெல்லாம் உண்மையே. ஆனால் அந்த மண்டபத்தில் பந்திக்கு ஓடிய ஒரு குழந்தை லைட் ஸ்டாண்டைத் தட்டிவிட்டு, அது கேமராவின் மேல் விழுந்தால், இழப்பீட்டுக் கோரிக்கைப் படிவத்தில் எங்கே, என்ன செய்துகொண்டிருந்தபோது நேர்ந்தது என்ற கேள்விக்குப் பதில் எழுத வேண்டும். உண்மையை எழுதினால் பாலிசியின் நிபந்தனை மீறப்பட்டிருக்கிறது. பொய் எழுதினால் அது மோசடி. காப்பீட்டு ஒப்பந்தம் இரு தரப்பின் முழு நேர்மையின் மீது நிற்பது. தெரிந்தே மறைத்த செய்தி ஒன்று வெளிவந்தால் பாலிசியே செல்லாது என்று சொல்ல நிறுவனத்துக்கு இடம் உண்டு. எப்போதாவது பணம் வாங்குவீர்கள் என்றால் அதை எழுதுங்கள். பிரீமியம் சற்றுக் கூடும், அவ்வளவுதான். நண்பருக்கு இரவல் கொடுப்பதற்கும் வாடகைக்கு விடுவதற்கும் இதே விதி பொருந்தும். பல பாலிசிகள் உரிமையாளர் கையிலோ அவர் குடும்பத்தார் கையிலோ இருக்கும்போது மட்டும்தான் பொறுப்பேற்கின்றன.

பிரீமியத்தை மிச்சப்படுத்த மதிப்பைக் குறைத்துக் காட்டுவதும் அதே படிவத்தில் நேரும் தவறு. சராசரி விதி என்று பாலிசியில் ஒரு வாசகம் இருக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் அதன் கடுமை விளங்கும். இன்று 1,20,000 ரூபாய் பெறும் கேமராவை 60,000 ரூபாய்க்குக் காப்பீடு செய்திருக்கிறீர்கள். விழுந்ததில் பழுதுபார்ப்பு 30,000 ரூபாய் ஆகிறது. காப்பீட்டுத் தொகை 60,000 இருக்கிறதே, 30,000 முழுவதும் வந்துவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் பாதி மதிப்புக்கே காப்பீடு செய்ததால் பாதி இழப்பை நீங்களே தாங்க வேண்டும். நிறுவனத்தின் பங்கு 15,000. எக்ஸஸ் எனப்படும், ஒவ்வொரு முறையும் நீங்கள் ஏற்க வேண்டிய முதல் தொகை 2,500 என்று வைத்துக்கொண்டால், கைக்கு வருவது 12,500. மதிப்பு எந்த அடிப்படையில் கணக்கிடப்படும் என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். சந்தை மதிப்பு என்றிருந்தால் பொருளின் வயதுக்கு ஏற்பத் தேய்மானம் கழிக்கப்படும். மறுவாங்கல் மதிப்பு என்றிருந்தால் அதே தரமுள்ள புதிய பொருளின் விலையை வைத்துக் கணக்கிடப்படும், ஆனால் காப்பீட்டுத் தொகையும் இன்றைய புதுவிலைக்கு இருக்க வேண்டும்.

திருடுபோனது, தொலைந்தது, உடைந்தது என்ற மூன்று சொற்களையும் நாம் பேச்சில் ஒன்றாகவே புழங்குகிறோம். பாலிசியில் அவை வெவ்வேறு. சில பாலிசிகள் விபத்துச் சேதத்தை மட்டும் ஏற்கும். சில, திருட்டை ஏற்றாலும், எப்படிப் போனதென்றே தெரியாமல் காணாமல் போனதையும், மறந்து வைத்துவிட்டு வந்ததையும் ஏற்காது. அமிர்திக்குப் போகிறவர்கள் அருவிக்கு நடக்கும்போது பையைக் காரின் பின்சீட்டில் விட்டுச் செல்வதைப் பார்த்திருக்கிறேன். ஆளில்லா வாகனத்திலிருந்து திருடுபோனால், கதவுகள் பூட்டியிருந்ததற்கும் வலுக்கட்டாயமாகத் திறக்கப்பட்டதற்கும் அடையாளம் கேட்பது வழக்கம். சில பாலிசிகள் டிக்கியில் பூட்டி வைத்திருந்தால் மட்டுமே ஏற்கும். மறந்து வைத்ததைத் திருட்டு என்று மாற்றிச் சொல்லத் தூண்டுபவர்களின் பேச்சைக் கேட்கவே வேண்டாம்.

திருட்டு நடந்தால் காவல் நிலையத்தில் தரப்படும் சிஎஸ்ஆர் ரசீதோடு திரும்பிவிடக்கூடாது. புகார் பெறப்பட்டது என்பதற்கு மட்டும்தான் அது சான்று. காப்பீட்டு நிறுவனம் முதல் தகவல் அறிக்கையைக் கேட்கும். அதன் நகல் புகார்தாரருக்கு இலவசமாகத் தரப்பட வேண்டும். ரயிலில் திருடுபோனால் காட்பாடி வந்து இறங்கும் வரை காத்திருக்கத் தேவையில்லை. டிக்கெட் பரிசோதகரிடம் புகார்ப் படிவம் வாங்கி ஓடும் ரயிலிலேயே எழுதித் தரலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு, குற்றம் எந்த எல்லைக்குள் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையமும் தகவலைப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. புகாரில் சீரியல் எண்களைக் குறிப்பிட மறக்காதீர்கள்.

சேதம் நேர்ந்தால் சர்வேயர் பார்க்கும் முன் பழுதுபார்க்கக் கொடுப்பது பெரும் தவறு. விழுந்த இடத்திலேயே செல்போனில் படம் எடுத்து, உடைந்த துண்டுகளையும் ஒரு உறையில் போட்டு வைத்து, அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் மதிப்பீட்டை மட்டும் எழுதி வாங்குங்கள். தகவலைத் தொலைபேசியில் சொன்னாலும், அன்றே மின்னஞ்சலிலும் அனுப்பி அதன் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். தவிர்க்க முடியாத காரணத்தால் தாமதமானால், தாமதம் என்ற ஒன்றை மட்டும் காட்டி நியாயமான கோரிக்கையை இயந்திரத்தனமாகத் தள்ளக்கூடாது என்று ஒழுங்குமுறை ஆணையம் 2011 செப்டம்பரிலேயே நிறுவனங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. காரணத்தை எழுத்தில் விளக்குங்கள்.

கேமராப் பாலிசியில் ட்ரோன் அடங்காது என்றே கொள்ளுங்கள். 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனுக்கு மூன்றாம் நபர் காப்பீடு 2021 ட்ரோன் விதிகளின்படி கட்டாயம். முகவரிடம் பணம் தருவதாகச் சொல்லிவிட்டு ஏலகிரிக்குக் கிளம்புவதும் ஆபத்து: பிரீமியம் நிறுவனத்தைச் சேரும் முன் பொறுப்புத் தொடங்குவதில்லை என்பது காப்பீட்டுச் சட்டத்தின் 64விபி பிரிவு.

கோரிக்கை மறுக்கப்பட்டால் கடிதத்தை மடித்து வைத்துவிடுகிறவர்களே அதிகம். எனக்கு இதில்தான் மிகுந்த வருத்தம். முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத வேண்டும். 30 நாட்களுக்குள் பதில் வராவிட்டாலோ, பதில் நிறைவளிக்காவிட்டாலோ, அதிலிருந்து ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் (ஆம்பட்ஸ்மன்) செல்லலாம். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்கள் அந்த அலுவலகத்தின் எல்லைக்குள் வருகின்றன. கட்டணமும் கிடையாது, வழக்கறிஞரும் வேண்டாம். மறுப்புக் கடிதத்தில் எந்த நிபந்தனையின் எண்ணைக் குறிப்பிட்டு மறுத்திருக்கிறார்கள் என்று பார்த்து, அந்த நிபந்தனையைப் பாலிசியிலிருந்து அப்படியே எடுத்தெழுதி, அது ஏன் உங்களுக்குப் பொருந்தாது என்பதை ஒரு பக்கத்தில் எழுதி, பில்லும் அட்டவணையும் சர்வேயர் அறிக்கையும் இணைத்து அனுப்புங்கள். சர்வேயர் அறிக்கையின் நகலைக் கேட்டுப் பெறும் உரிமை உங்களுக்கு உண்டு.