பிராடோ புரொப்பெலர் ஷாஃப்டுக்கு வீட்டிலேயே கிரீஸ் அடிப்பது

ரிவர்ஸிலிருந்து டிரைவுக்கு மாற்றும்போது அடியில் 'டொக்' என்று சத்தம் கேட்டால், உடனே கியர்பொக்ஸைக் கழற்ற விட்டுவிடாதீர்கள். முதலில் சுழற்சியை அக்ஸிலுக்குக் கொண்டுபோகும் நீண்ட தண்டை, அதாவது புரொப்பெலர் ஷாஃப்டைப் பாருங்கள். என் 120 பிராடோவில் அங்கே கிரீஸ் வறண்டு கிடந்தது. ஒயில் மாற்றுபவர்கள் அதில் கிரீஸ் அடிக்கும் சிறு முனைகளான நிப்பிள்களைத் தொடுவது குறைவு.

குரோஸ்களுக்கு (ஷாஃப்ட் மூட்டுகளில் இருக்கும் சிலுவை வடிவத் துண்டுகள்) என்.எல்.ஜி.ஐ. 2 (கிரீஸின் கெட்டித்தன்மை எண்) லிதியம் கிரீஸ், ஸ்லிப்புக்கு (ஷாஃப்ட் நீளவும் குறுகவும் விடும் சறுக்கு மூட்டு) மொலிப்டினம் கலந்த லிதியம் கிரீஸ். இரண்டும் கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் கிடைக்கும். கிரீஸ் கன் என்றால் ஒரு கையால் அழுத்தும் பிஸ்டல் வகை, நீண்ட ஹோஸோடு. நெம்புகோல் வகையை மல்லாந்து படுத்துக்கொண்டு பிடிக்க மூன்றாவது கை வேண்டும்.

1. சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். சைலன்ஸர் ஆறட்டும். ஜக் வேண்டாம், காரணம் கீழே.

2. நிப்பிள் தலையைத் துணியால் துடையுங்கள். துடைக்காவிட்டால் மண்ணும் சேர்ந்து உள்ளே போகும்.

3. குரோஸுக்கு அடியுங்கள். குரோஸின் நான்கு முனைகளிலுமுள்ள மூடிகளின் ஓரத்தில் புதுக் கிரீஸ் எட்டிப்பார்க்க வேண்டும். நிப்பிள் எட்டாத பக்கம் திரும்பியிருந்தால் வெளியே வந்து, கட்டையை எடுத்து, வாகனத்தைக் கொஞ்சம் நகர்த்தி, மறுபடி கட்டை வையுங்கள். கீழே படுத்தபடி ஷாஃப்டைச் சுழற்றவே கூடாது.

4. ஸ்லிப். இங்கேதான் அவசரப்படக் கூடாது. குரோஸ் மாதிரி கிரீஸ் வெளியே வரட்டும் என்று காத்திருந்து அடித்துக்கொண்டே போனால் உள்ளறை நிறைந்துவிடும். பின் அக்ஸில் பள்ளத்தில் மேலெழும்போது ஷாஃப்ட் குறுக வேண்டும், கிரீஸ் விடாது. அந்த அழுத்தம் டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் ஷாஃப்டுகளுக்கு விசையைப் பிரிக்கும் பெட்டி) பெயரிங்கிலும் டிஃப்பிலும் (இரு பக்கச் சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் டிஃபரென்ஷியல்) போய் விழும். ஷாஃப்ட் லேசாக நீள ஆரம்பித்ததும் கன்னை நிறுத்துங்கள். சேஸியில் ஜக் போட்டால் அக்ஸில் தொங்கி ஷாஃப்ட் ஏற்கெனவே நீண்டிருக்கும், அளவு தெரியாமல் கூடுதலாகப் போய்விடும். கூடிப்போனால் நிப்பிளைக் கழற்றி, வண்டியைப் பின்பக்கம் அமுக்கி ஆட்டுங்கள். மிச்சம் வழிந்துவிடும். முன் ஷாஃப்டில் ஸ்லிப் அதிகம் அசையாது, டிஃப் சேஸியோடு பொருத்தப்பட்டது. ஆனாலும் அதே கணக்குத்தான்.

5. ஷாஃப்ட் முனையைப் பொருத்தும் தட்டான ஃபிளாஞ்சின் போல்ட்டுகள் இறுக்கமா என்று ஸ்பானர் வைத்துப் பாருங்கள். வழிந்ததைத் துடையுங்கள். அவ்வளவுதான்.

ஒவ்வொரு ஒயில் மாற்றத்துக்கும் ஒருதரம் போதும். மழைக்கு கொழும்பு ஆமர் வீதிச் சந்தியில் தண்ணீருக்குள் ஓட்டினால் அதற்காகக் காத்திருக்காதீர்கள், அந்த வாரமே அடியுங்கள்.

பின்சேர்க்கை: "மூன்று மூடியில் வருகிறது, நாலாவதில் வரவில்லை" என்று சிலர் கேட்டிருந்தார்கள். ஷாஃப்டைக் கையால் மேலும் கீழும் அசைத்தபடி மெதுவாக அடித்துப் பாருங்கள். அப்படியும் வராமல், மூடியோரம் துருப்பொடி தெரிந்தால் கிரீஸால் பலனில்லை. குரோஸை மாற்றுங்கள். கழற்றுமுன் ஃபிளாஞ்ச் இரண்டிலும் பெயின்ட்டால் ஒரே கோடு போடுங்கள். பழைய இடத்திலேயே திரும்பப் பூட்டாவிட்டால் அதிர்வு வரலாம்.