குளிர்காலத்தில் ஓநாய் பார்க்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் குளிர்காலம் வந்தால் பெரும்பாலான சாலைகளில் கார் போக முடியாது. கார்டினரிலிருந்து குக் சிட்டி போகும் வடக்குச் சாலை மட்டும் வருடம் முழுக்கத் திறந்திருக்கும். ஓநாய் பார்க்கப் போகிறவர்கள் நிற்கும் லமார் பள்ளத்தாக்கு அந்த வழியில்தான் இருக்கிறது. 1926 வாக்கில் ஓநாயே இல்லாமல் போன பூங்கா இது. 1995, 1996 ஆண்டுகளில் கனடாவிலிருந்து 31 ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டார்கள்.

காலை உணவை முடித்துவிட்டு நிதானமாகப் பத்து மணிக்குப் போய் நிற்பவர்களுக்குப் பெரும்பாலும் தூங்கும் ஓநாய்தான் கிடைக்கும், அதுவும் பனியில் ஒரு கறுப்புப் புள்ளியாக. விடியும்போதே அங்கே இருக்க வேண்டும். செல்போன் கேமராவை மட்டும் நம்பிப் போவதும் வீண். பல நாட்களில் ஓநாய் ஒன்றிரண்டு கிலோமீட்டர் தள்ளித்தான் தெரியும். டிரைபாடில், அதாவது முக்காலியில் நிற்கும் ஸ்பாட்டிங் ஸ்கோப் என்ற தொலைநோக்கி இல்லாமல் முடியாது. குளிரில் பேட்டரி சீக்கிரம் தீரும். உபரி பேட்டரியை உள்சட்டைப் பையில் வைத்திருங்கள்.

ஓநாயை மட்டுமே தேடுவது அடுத்த தவறு. முதலில் அண்டங்காக்கைகளைப் பாருங்கள். அவை கூட்டமாக ஓரிடத்தில் இறங்கி ஏறினால் அங்கே இரை கிடக்கிறது என்று அர்த்தம். மேய்ச்சலை விட்டுவிட்டு எல்க் மான்கள் எல்லாம் ஒரே பக்கம் தலை தூக்கி நின்றாலும் அந்தத் திசையில் கண் வைக்கலாம்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது, வேட்டை முடிந்ததும் "பாவம், மான்" என்று காரைக் கிளப்புகிறவர்கள்தான். துரத்தல்களில் பெரும்பாலானவை தோல்வியில் முடிகின்றன என்பதே அவர்களுக்குத் தெரியாது. குளிர்காலக் கடைசியில் விழும் மான் பல நேரம் ஏற்கெனவே பட்டினியில் இளைத்திருக்கும். ஆய்வாளர்கள் தொடை எலும்பை உடைத்துப் பார்ப்பதுண்டு. நன்றாகத் தின்ற மானின் மஜ்ஜை வெள்ளையாக, கெட்டிக் கொழுப்பாக இருக்கும். பட்டினி கிடந்ததற்குச் சிவந்து கூழாகியிருக்கும். ஓநாய்கள் ஈரலையும் இதயத்தையும் முதலில் தின்னும். இரைப்பையில் இருந்த புல்லைப் பனியில் கொட்டிவிட்டுப் போகும். பிறகுதான் பந்தி களைகட்டும். மேக்பை பறவைகள் எலும்பிடுக்கில் கொத்தும், பொன்னாங்கழுகு தோலைக் கிழிக்கும், ஓநாயைவிடச் சிறிய, நரி போன்ற கொயோட்டி நாலு அடி வைத்து நாலு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டே வரும். ஓநாயிடம் சிக்கினால் அதற்கும் உயிர் மிஞ்சாது. மிச்சத்தை வசந்தத்தில் வண்டுகள் பார்த்துக்கொள்ளும். இதையெல்லாம் பார்க்க, வண்டியை அணைத்துவிட்டு அரை நாளாவது இருக்க வேண்டும்.

ஓநாயை வில்லனாக்குவது ஒரு கோணல் என்றால், தெய்வமாக்குவது இன்னொன்று. பூங்காவுக்குள் ஓநாய்கள் சாவதற்குப் பெரிய காரணமே இன்னொரு கூட்டத்து ஓநாய்கள்தான். பிப்ரவரியில் இணைசேர்ந்து ஏப்ரலில் குட்டி போடும் என்பதால், அந்த மாதங்களில் எல்லைச் சண்டையும் கண்ணில் படலாம்.

ஊளையிட்டு ஓநாயைக் கூப்பிடுவதும், ட்ரோன் விடுவதும் விதிப்படி குற்றம். ஓநாயிடமிருந்து குறைந்தது 100 கெஜம், அதாவது சுமார் 91 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். ஆனால் அது சட்டம் வைத்த எல்லைதான். உங்களைப் பார்த்து அது வழி மாறினாலே நீங்கள் அதிகம் நெருங்கிவிட்டீர்கள். சாலையைக் கடக்க அது காத்திருந்தால் தூரத்திலேயே நிறுத்துங்கள், கதவைத் திறக்காதீர்கள். நடுச்சாலையில் மட்டும் நிறுத்தவே வேண்டாம். பின்னால் பனி அள்ளும் வண்டி வரும்.