தடிச்ச இதயம் இருக்குற குழந்தைக்கு மயக்கம் குடுக்கும்போது

டோஸ் கணக்கு, ட்யூப் சைஸ் இதெல்லாம் இங்க விரிவா எழுதல, அத எல்லாரும் ரெண்டு தடவ செக் பண்றாங்க. பரம்பரையா வர்ற ஹைப்பர்ட்ராஃபிக் கார்டியோமயோபதி (இதயச் சுவர் தடிச்சுப் போற நோய்) கேஸ்ல புதுசா வர்றவங்க வேற இடத்துலதான் சறுக்குறாங்க. கீழ இருக்குற ஒவ்வொரு தலைப்பும் அப்படி ஒரு தப்புதான்.

பிபி விழுந்ததும் எஃபெட்ரின்

இத நினைச்சா இன்னும் எரிச்சல் வருது. ஹெர்னியா ஆபரேஷனுக்கு வந்த பையன், இன்டக்‌ஷன் (மயக்கத்த ஆரம்பிக்குறது) முடிஞ்சு பிபி இறங்குது, ஜூனியர் எஃபெட்ரின (துடிப்பையும் இதயம் அழுத்துற பலத்தையும் கூட்டி பிபிய ஏத்துற மருந்து) போட்டுட்டு அப்புறமா சொல்றார், துடிப்பு எகிறுது, பிபி இன்னும் கீழ போகுது, உடனே அடுத்த கேள்வி, "அட்ரினலின் டைல்யூட் பண்ணட்டுமா சார்?" சிரிஞ்சக் கீழ வைங்கன்னு கத்த வேண்டியதாப் போச்சு.

இந்த இதயத்துக்கு அழுத்துற பலம் குறைச்சல் இல்லங்க, ஜாஸ்தி. சுவர் தடிச்சு உள்ள இடம் சுருங்கிக் கிடக்கு, இன்னும் இறுக்கினா மைட்ரல் வால்வோட இதழ் முன்னாடி இழுபட்டு அயோர்ட்டாவுக்குப் போற வழிய மறிச்சுடும், துடிப்பும் வேகமானா ரத்தம் நிரம்பவே நேரம் இருக்காது. அதனால மூச்சு வழியாக் குடுக்குற மயக்க வேபரக் குறைங்க, ஃப்ளூயிட் கிலோவுக்கு 10 மில்லி, ரத்தக்குழாய இறுக்குற ஃபீனைலெஃப்ரின் கிலோவுக்கு 1 மைக்ரோகிராம்ல ஆரம்பிங்க, துடிப்பு அடங்கலன்னா அதக் குறைக்குற எஸ்மோலால். அன்னைக்கும் இதத்தான் பண்ணோம், பிபி ஏறுச்சு.

ஆனா இதயம் வீங்கித் தளர்ந்த டைலேட்டட் டைப்ல கதையே தலைகீழ், அங்க ஃபீனைலெஃப்ரின் போட்டா ஏற்கனவே திணர்ற இதயத்து மேல பாரம் ஏத்துற மாதிரி. எந்த டைப்னு எக்கோவப் பாக்காம கை வைக்காதீங்க.

"இஎஃப் 75, ஹார்ட் சூப்பர்"

சூப்பரும் இல்ல ஒண்ணும் இல்ல. இஎஃப்னா ஒவ்வொரு துடிப்புலயும் இதயம் வெளிய தள்ளுற ரத்தத்தோட பெர்சென்ட். உள்ள இடம் சின்னதுங்குறதால அந்த பெர்சென்ட் அப்படித்தான் வரும். பாக்க வேண்டியது கிரேடியன்ட், அதாவது ரத்தம் வெளிய போற வழில அடைப்புக்கு முன்னாடியும் பின்னாடியும் இருக்குற அழுத்த வித்தியாசம். சும்மா படுத்திருக்கும்போதே 30 mmHg-க்கு மேலன்னா அடைப்பு இருக்கு, அதுக்குக் கீழன்னாலும் நம்பாதீங்க, மயக்கத்துல ரத்தக்குழாய் தளர்ந்ததும் ஏறலாம்.

காலைல பீட்டா பிளாக்கர நிறுத்துறது

நிறுத்தாதீங்க, துடிப்ப அடக்கி வைக்குற மருந்து அது.

ஆபரேஷன் லிஸ்ட்ல கடைசியாப் போடுறது

பட்டினி கிடந்து காய்ஞ்ச குழந்தைக்கு உள்ள நிரம்ப ரத்தமே இருக்காது. முதல் கேஸாப் போடுங்க, 2 மணி நேரம் முன்னாடி வரைக்கும் தண்ணி குடுக்கலாம்.

அழ அழ மாஸ்க் வைக்குறது

அந்த அழுகையே பாதி எஃபெட்ரின். மிடாஸோலம் குடுத்து, அம்மா மடியிலயே கண் சொக்கினதுக்கு அப்புறம் தூக்குங்க.

துவண்டு கிடக்குற கைக்குழந்தைக்கு ப்ரொபோஃபால்

தடிச்ச இதயத்தோட உடம்பும் துவண்டு இருந்தா பாம்பே (Pompe, தசையில கிளைகோஜன் சேர்ற பரம்பரை நோய்) நோயான்னு யோசிங்க. ப்ரொபோஃபால்ல டயஸ்டாலிக் பிபி விழுந்தா, இதயத்துக்கே ரத்தம் குடுக்குற கொரோனரிக்கு ரத்தம் பத்தாது, இன்டக்‌ஷன்லயே விஎஃப் (இதயம் ஒழுங்கில்லாம நடுங்கி ரத்தம் தள்ளாம போறது) ஆகியிருக்கு. கெட்டமின் பக்கம் போங்க.

டுஷேன் பையனுக்கு சக்ஸமெதோனியம்

கிடையவே கிடையாது. டுஷேன் தசை சிதையுற நோய், அதுல தசைய தளர்த்துற இந்த மருந்து போட்டா பொட்டாசியம் எகிறி இதயம் நின்னுடலாம்.