பிள்ளைக்கு ஸ்டெம் செல் மாற்று என்றால்: கடலூர், புதுச்சேரிப் பெற்றோர் செய்ய வேண்டியவை

தலசீமியா என்னும் பிறவி ரத்தநோய் உள்ள பிள்ளைக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றிவரும் பெற்றோரிடம் ‘ஸ்டெம் செல்’ என்ற சொல் பல பக்கங்களிலிருந்து வந்து சேர்கிறது. ரத்தநோய் மருத்துவர் சொல்கிறார். தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமித்துத் தரும் நிறுவனத்தின் முகவர் சொல்கிறார். உறவினர் அனுப்பும் வாட்ஸ்அப் காணொளியும் சொல்கிறது. சொல் ஒன்றுதான், ஆனால் முதலாமவர் பேசுவது சிகிச்சையைப் பற்றி. மற்றவர்கள் பேசுவது பெரும்பாலும் விற்பனையைப் பற்றி. இவற்றுக்கு நடுவே ஆராய்ச்சி என்று ஒன்றும் இருக்கிறது. எது எது என்று பிரித்தறிவதுதான் பெற்றோரின் முதல் வேலை என்பதை, கடலூரில் என் அக்கா மகனுக்காக ஐந்தாண்டுகள் மருத்துவமனைகளுக்கு அலைந்த அனுபவத்தில் உறுதியாகச் சொல்கிறேன்.

நிலைபெற்ற சிகிச்சை என்பது, எலும்பு மஜ்ஜையில் இருந்து ரத்த அணுக்களை உண்டாக்கும் மூல அணுக்களை, அதாவது ஸ்டெம் செல்களை, நலமான ஒருவரிடமிருந்து எடுத்து, மருந்தால் வெறுமையாக்கப்பட்ட பிள்ளையின் மஜ்ஜையில் குடியேற்றுவது. பிறவியிலேயே நோய் எதிர்ப்பாற்றல் இல்லாத ஒரு குழந்தைக்கு, 1968-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ராபர்ட் குட் குழுவினர் அக்காவின் மஜ்ஜையைச் செலுத்திக் காப்பாற்றினார்கள். நம் பக்கத்தில் வேலூர் சி.எம்.சி. 1986-இலேயே இதைத் தொடங்கிவிட்டது. தலசீமியா, அப்ளாஸ்டிக் அனீமியா, ஃபான்கோனி அனீமியா, விஸ்காட் ஆல்ட்ரிச், கடுமையான எதிர்ப்பாற்றல் குறைபாடு ஆகியவற்றுக்கு இது சோதனை முயற்சி அல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளின்படி, ஏற்கப்பட்ட நோய்களுக்குச் செய்யும் ரத்த மூல அணு மாற்றுதான் சிகிச்சை. ஸ்டெம் செல்லை வேறு எதற்குப் பயன்படுத்துவதாக இருந்தாலும் அனுமதி பெற்ற ஆய்வாக மட்டுமே அதைச் செய்யலாம்.

மாற்று எப்போது நடக்கும் என்று தெரியாத காலத்திலேயே தொடங்க வேண்டிய வேலைகள் சில உண்டு. அவற்றில் முதன்மையானது ரத்தம் பற்றியது. பிள்ளைக்கு ரத்தம் வேண்டும் என்றதும் சித்தப்பாவும் மாமாவும் கையை நீட்டுவது நம் குடும்பங்களின் வழக்கம். நானும் என் மருமகனுக்கு இரண்டு முறை அப்படிக் கொடுத்தேன். பிறகுதான் ஒரு மருத்துவர் காரணத்தை விளக்கித் தடுத்தார். உறவினரின் ரத்தம் ஏறும்போது அவருடைய திசு அடையாளங்களை எதிர்க்க உடல் பழகிக்கொள்கிறது. பின்னாளில் அதே குடும்பத்தில் ஒருவரின் மஜ்ஜையைச் செலுத்தும்போது, பிள்ளையின் உடல் அதை உதறிவிடும் ஆபத்து கூடுகிறது. ஆகவே உறவினர்கள் ரத்த வங்கியில் தாராளமாகக் கொடுக்கட்டும். ஆனால் அந்தப் பை இந்தப் பிள்ளைக்கு வரக்கூடாது என்று எழுதிக் கேளுங்கள். வெள்ளணு நீக்கிய ரத்தம் கிடைக்குமா என்றும் ஒவ்வொரு முறையும் கேளுங்கள்.

இரண்டாவது, இரும்பு. ஏற்றும் ரத்தத்தோடு சேரும் இரும்பு கல்லீரலிலும் இதயத்திலும் படிகிறது. இத்தாலியின் பெசாரோ நகரில் குய்தோ லூக்காரெல்லி குழுவினர் வகுத்த முறைப்படி, கல்லீரல் வீக்கம், கல்லீரல் தழும்பு, இரும்பு நீக்கும் மருந்தை ஒழுங்காக எடுக்காமை ஆகிய மூன்றையும் வைத்தே தலசீமியாப் பிள்ளையின் மாற்று எவ்வளவு ஆபத்தானது என்று கணிக்கிறார்கள். இம்மூன்றில் கடைசி ஒன்று நம் கையில் இருக்கிறது. இரும்பு நீக்கும் மருந்தான டெஃபராசிராக்ஸ் கரையும் மாத்திரையாக இருந்தால் வெறும் வயிற்றில், நீரில் முழுதாகக் கரைத்து, டம்ளரின் அடியில் தங்கியதையும் அலசிக் குடிக்கச் செய்ய வேண்டும்.

என் அக்கா ஒரு நீல அட்டை நோட்டு வைத்திருந்தாள். ஒவ்வொரு வரியிலும் தேதி, எடை, ஏற்றுமுன் ஹீமோகுளோபின், பையின் எண், எத்தனை மில்லி, காய்ச்சலோ அரிப்போ வந்ததா என்ற குறிப்பு இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, உடலில் சேர்ந்த இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவைச் சிவப்பு மையில் எழுதுவாள். முதல் முறை மாற்று மருத்துவரைப் பார்த்தபோது அவர் கோப்பை ஒதுக்கிவிட்டு அந்த நோட்டைத்தான் கால் மணி நேரம் புரட்டினார். சிவப்பு எண் திடீரென ஏறிய இடத்தில் விரலை வைத்து, “இந்த மாசம் மாத்திரை விட்டுப்போச்சாம்மா?” என்று கேட்டார். விட்டுத்தான் போயிருந்தது. எந்த ஸ்கேனும் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்காது. ஏற்றுமுன் ஹீமோகுளோபின் 9.5-க்கும் 10.5-க்கும் இடையே நிற்கிறதா என்பதையும் அதே நோட்டில் நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது ஹெச்.எல்.ஏ. பொருத்தம் பார்ப்பது. ஆறாவது குரோமோசோமில் உள்ள இந்தத் திசு அடையாளங்களில் பாதி தாயிடமிருந்தும் பாதி தந்தையிடமிருந்தும் வருவதால், உடன்பிறந்த ஒவ்வொருவரும் முழுதாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று. நான்கு பிள்ளைகள் இருந்தால் ஒருவர் கட்டாயம் பொருந்துவார் என்று இதற்குப் பொருள் அல்ல. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியே அதே கணக்குதான். தம்பியோ தங்கையோ தலசீமியா மைனர், அதாவது நோயின்றி மரபணுவை மட்டும் சுமப்பவர் என்பதால் கொடையாளராக முடியாது என்று பலர் தாமாகவே ஒதுக்கிவிடுகிறார்கள். அது தவறு, அவரும் கொடுக்கலாம். மாமன் மகளையும் அக்கா மகளையும் மணக்கும் வழக்கம் இந்நோய்களுக்கு ஒரு காரணம் என்பது உண்மைதான். அத்தகைய குடும்பங்களில் பெற்றோரோ நெருங்கிய உறவினரோ பொருந்தும் வாய்ப்பு சற்றுக் கூடுதல் என்பதும் உண்மை. ஆகவே மருத்துவரிடம் உறவு முறையைக் கூச்சப்படாமல் சொல்லுங்கள். வீட்டில் யாரும் பொருந்தாவிட்டால் சென்னையின் தாத்ரி போன்ற கொடையாளர் பதிவகங்களில் தேடலாம். பாதி மட்டும் பொருந்தும் தாய் தந்தையிடமிருந்து எடுத்துச் செய்யும் முறையும் இன்று பரவலாகிவருகிறது.

எதிர்ப்பாற்றல் குறைபாட்டுக்கு மட்டும் வேறொரு அவசரம் உண்டு. குடும்பத்தில் ஏற்கெனவே ஒரு குழந்தை, குறிப்பாகத் தாய்வழியில் ஆண் குழந்தை, தொற்றால் கைக்குழந்தையிலேயே இறந்திருந்தால், அடுத்த பிரசவத்துக்கு முன்பே குழந்தை மருத்துவரிடம் அதைச் சொல்லி, பி.சி.ஜி. என்னும் காசநோய்த் தடுப்பூசியை நிறுத்திவைக்கலாமா என்று கேட்க வேண்டும். அதுவும் ரோட்டா வைரஸ் சொட்டு மருந்தும் உயிருள்ள கிருமியால் ஆனவை. எதிர்ப்பாற்றல் இல்லாத உடலில் அவையே நோயாகிவிடும். சாதாரண ரத்த அணுப் பரிசோதனைச் சீட்டிலேயே லிம்ஃபோசைட் என்ற வெள்ளணு வகையின் எண்ணிக்கை இருக்கிறது. பிறந்த சில மாதங்களில் அது 3000-க்குக் கீழ் இருந்தால் காத்திருக்கக் கூடாது. மூன்றரை மாதத்துக்குள் மாற்றுச் செய்த குழந்தைகளில் 90 சதவீதத்துக்கு மேல் பிழைத்திருக்கிறார்கள். தொற்று வந்த பிறகு செய்தால் அந்த அளவு குறைகிறது.

இனி ஆராய்ச்சி. பிள்ளையின் சொந்த மூல அணுக்களை வெளியே எடுத்து, மரபணுவைத் திருத்தித் திரும்பச் செலுத்தும் காஸ்ஜெவி என்ற சிகிச்சை, 12 வயதும் அதற்கு மேலும் உள்ள தலசீமியா நோயாளிகளுக்கு பிரிட்டனில் 2023 நவம்பரிலும் அமெரிக்காவில் 2024 ஜனவரியிலும் அனுமதிக்கப்பட்டது. அமெரிக்காவில் அதன் பட்டியல் விலை 22 லட்சம் டாலர். கொடையாளர் தேவையில்லை என்றாலும், மஜ்ஜையை வெறுமையாக்கும் கடுமையான மருந்து இதிலும் உண்டு. பிற்காலத்தில் குழந்தைப்பேற்றைப் பாதிக்கக்கூடிய மருந்து அது. வேலூரில் ஹீமோஃபிலியா-ஏ என்னும் ரத்தம் உறையாத நோய் கடுமையாக உள்ள ஐந்து பேருக்கு இதையொத்த வழியில், மரபணு சேர்த்த அவர்களின் சொந்த மூல அணுக்களைக் கொண்டு செய்த ஆய்வின் முடிவு 2024 இறுதியில் வெளியானது. இவை உண்மையான நம்பிக்கைகள்; ஆனால் பொருந்தும் தம்பி வீட்டில் இருக்கும்போது இவற்றுக்காகக் காத்திருந்து கல்லீரலைக் கெடுத்துக்கொள்வது சரியல்ல என்பது என் கருத்து.

ஆய்வில் சேரச் சொன்னால், இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில், அதாவது சி.டி.ஆர்.ஐ.யில், அதன் பதிவு எண்ணைக் கேளுங்கள். அந்த இணையதளத்தில் எண்ணை இட்டால் நோக்கம், வயது வரம்பு, நெறிமுறைக் குழு ஒப்புதல் எல்லாம் தெரியும். எண் தராதவரிடமும், ஆய்வு என்று சொல்லிக்கொண்டே பணம் கேட்பவரிடமும் பிள்ளையை ஒப்படைக்காதீர்கள். ஆய்வால் கேடு விளைந்தால் மருத்துவச் செலவையும் இழப்பீட்டையும் யார் ஏற்பார் என்பது ஒப்புதல் படிவத்தில் இருக்க வேண்டும். படிவத்தைத் தமிழில் வாங்கி வீட்டுக்கு எடுத்துவந்து படியுங்கள். ஏழு வயதைத் தாண்டிய பிள்ளையின் சம்மதத்தையும் கேட்டாக வேண்டும் என்பது நெறிமுறை. எங்கள் பையன் கேட்ட ஒரே கேள்வி, முடி திரும்ப வளருமா என்பதுதான்.

தொப்புள்கொடி ரத்தத்தைத் தனியார் வங்கியில் தன் பிள்ளைக்கென்றே சேமிப்பதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தலசீமியா உள்ள பிள்ளையின் கொடி ரத்தத்திலும் அதே பழுதான மரபணுதான் இருக்கும். அது அவனுக்கு உதவாது. நோயுள்ள மூத்த பிள்ளைக்காக, பிறக்கப்போகும் தம்பி தங்கையின் கொடி ரத்தத்தைச் சேமிப்பது வேறு விஷயம், அதை மருத்துவரிடம் கேட்டுச் செய்யலாம்.

பணத்துக்கு, கடலூர் மாவட்டத்தார் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையோடு மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவை அணுகலாம். புதுச்சேரி யூனியன் பிரதேசத்தவருக்கு அது பொருந்தாது. அவர்கள் ஆயுஷ்மான் பாரத் வழியைக் கேட்க வேண்டும். எல்லைக் கிராமங்களில் ரேஷன் அட்டை எந்தப் பக்கம் என்பதே முடிவு செய்கிறது. கோல் இந்தியா நிறுவனத்தின் தலசீமியா பால் சேவா திட்டம், வயது, வருமான நிபந்தனைகளோடு, 10 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை நடக்கும் மருத்துவமனைக்கே நேராகக் கொடுக்கிறது.

நாள் குறிக்கும்போது மழையையும் கணக்கில் எடுங்கள். மாற்றுக்குப் பின் ஏறத்தாழ நூறு நாள் மருத்துவமனைக்கு அருகிலேயே வாடகைக்குத் தங்க நேரும். அதன்பின் ஊர் திரும்புவது ஐப்பசி, கார்த்திகையில் அமைந்தால், வெள்ளம் வடிந்த சுவரில் பூக்கும் பூசணமே பிள்ளையின் நுரையீரலுக்கு எமனாகலாம். திரும்புமுன் வீட்டைக் காயவிட்டு வெள்ளையடித்து, மாட்டுத் தொழுவத்தையும் புறாக்கூட்டையும் தள்ளிவைத்து, குடிநீரைக் கொதிக்கவைக்கும் ஏற்பாட்டைச் செய்துகொள்ளுங்கள். காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் அன்றிரவே ஊசி போடக்கூடிய மருத்துவமனை எது என்பதை முன்பே பேசிவைத்து, டிஸ்சார்ஜ் சுருக்கத்தின் ஒரு பிரதியை அங்கே கொடுத்துவையுங்கள். குழந்தைப் பருவத் தடுப்பூசிகள் எல்லாவற்றையும் முதலிலிருந்து மறுபடி போட வேண்டியிருக்கும். உயிரற்ற கிருமி ஊசிகள் ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் தொடங்கும். தட்டம்மை ஊசி போன்ற உயிருள்ளவற்றை இரண்டாண்டு கழித்து, எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகள் முழுதும் நின்ற பிறகு, மாற்றுச் செய்த மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டும் போடுங்கள்.