எல்க் முதல் புராங்ஹார்ன் வரை ஒரே ரைஃபிள்: வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் கொலராடோவில் அக்டோபர் வந்துவிட்டால் ஒரே ஆள் ஒரு வாரம் கிழக்குச் சமவெளியில் புராங்ஹார்ன் என்ற மான் போன்ற 50 கிலோ விலங்கின் பின்னால் அலைவார், அடுத்த வாரம் மலையேறி எல்க் என்ற 300 கிலோ பெரிய மானைத் தேடுவார். நடுவில் மியூல் மானும் உண்டு. இத்தனைக்கும் ஒரே ரைஃபிள் போதுமா? தாராளமாகப் போதும். ஆனால் அந்த ஒன்றை வாங்கக் கிளம்புகிறவர்கள், கடைசியில் கேட்க வேண்டிய கேள்வியை முதலில் கேட்டுவிடுகிறார்கள்: "எந்தக் காலிபர் (எந்த அளவுத் தோட்டா) நல்லது?"

அதற்கு முன்னால் இரண்டு விஷயம் தெரிய வேண்டும். காட்டில், துப்பாக்கியைத் தாங்கும் மேசை இல்லாமல், எவ்வளவு தூரம் வரை என்னால் பிசகாமல் சுட முடியும்? அந்தத் தூரத்தில், தோட்டாவிலிருந்து கிளம்பும் குண்டு என்ன வேகத்தோடு போய்ச் சேரும்? இவை தெரிந்தால் தோட்டாவைத் தேர்ந்தெடுப்பது பெரிய வேலையே இல்லை.

தெரியாமல் போகிறவர்கள் செய்யும் முதல் தவறு, எல்க் பெரிய மிருகம் என்பதால் பெரிய மேக்னம், அதாவது வெடிமருந்து அதிகமுள்ள தோட்டாவைச் சுடும் ரைஃபிள், வாங்குவது. 1963-இல் வந்த .300 வின்செஸ்டர் மேக்னம் அருமையான தோட்டாதான், எல்க்குக்கு அதில் குறையே சொல்ல முடியாது. ஆனால் ஒரே எடையுள்ள ரைஃபிளில் அதன் பின்னுதை, 6.5 கிரீட்மோர் என்ற சிறிய தோட்டாவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. மலையேற வசதி என்று 6 பவுண்டு ரைஃபிளில் அதை வாங்கினால் தோள் தாங்காது. தோள் வலிகூடப் பரவாயில்லை, பழக்கம் கெட்டுப்போவதுதான் பிரச்சினை. பத்துப் பதினைந்து தோட்டா சுட்டதும் உடம்பு அடியை எதிர்பார்க்க ஆரம்பித்துவிடும். விசையை அழுத்தும் முன்பே கண் மூடும், தோள் முன்னால் தள்ளும், குண்டு எங்கேயோ போகும்.

தனக்கு அந்தப் பழக்கம் இல்லை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். சோதிக்க எளிய வழி இருக்கிறது. கூட வந்த நண்பரிடம் ரைஃபிளைக் கொடுத்து, நீங்கள் பார்க்காதபடி சில முறை நிஜத் தோட்டாவும் சில முறை வெடிக்காத டம்மியும் போட்டுத் தரச் சொல்லுங்கள். டம்மி மாட்டிய முறை, வெடிக்காத துப்பாக்கியின் முனை டக்கென்று கீழே குனிந்தால், அந்த ரைஃபிள் உங்களுக்குப் பெரியது. அப்புறம் குழல் முனையில் மாட்டும் மசில் பிரேக் போட்டுக்கொள்ளலாமே என்பார்கள். போடலாம், உதை கணிசமாகக் குறையும். ஆனால் சத்தம் பக்கவாட்டில் பீறிடும். காதுக்கவசம் இல்லாமல் பக்கத்தில் படுத்திருக்கும் வழிகாட்டி உங்களை ஆயுசுக்கும் மறக்க மாட்டார்.

இதற்கு நேர் எதிர்த் தவறும் உண்டு. 2007-இல் ஹார்னடி கொண்டுவந்த 6.5 கிரீட்மோர் உதைக்காது, துல்லியமானது, காற்றில் நன்றாக ஓடும். அதனால் எதையும் எந்தத் தூரத்திலும் அடிக்கலாம் என்று நினைத்துவிடுகிறார்கள். 143 கிரெய்ன் எடையுள்ள வேட்டைக் குண்டு வினாடிக்கு 2,700 அடி வேகத்தில் கிளம்புகிறது என்று வையுங்கள். எல்க்குக்கு 1,500 அடி-பவுண்டு ஆற்றல் வேண்டும் என்பது பழைய கைக்கணக்கு. 400 கஜத்தை நெருங்கும்போதே குண்டின் ஆற்றல் அந்த அளவுக்குக் கீழே இறங்கிவிடும். 162 கிரெய்ன் குண்டை 2,940 அடி வேகத்தில் அனுப்பும் 7 மி.மீ. ரெமிங்டன் மேக்னம் அதே அளவை 600 கஜம் தாண்டியும் வைத்திருக்கும். புராங்ஹார்னும் மானும்தான் இலக்கு, எல்க் எப்போதாவது கிட்டத்தில் கிடைத்தால் சரி என்பவருக்குக் கிரீட்மோரே போதும். எல்க்தான் முக்கியம் என்றால் 7 மி.மீ. பக்கம் போவது நல்லது. .30-06 இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. 1906-இல் ராணுவத்துக்காக வந்த தோட்டா, இன்றைக்கும் அதை வைத்திருப்பவர் அவசரப்பட்டு மாற்ற வேண்டிய காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

ஆற்றல் கணக்கு பாதிக் கதைதான். மிருகத்தை வீழ்த்துவது குண்டு, அதுவும் அது விரிந்தால்தான். பெரும்பாலான ஈயக் குண்டுகள் நன்றாக விரிய, படும்போது வினாடிக்குச் சுமார் 1,800 அடி வேகமாவது வேண்டும். முழுச் செம்புக் குண்டுகளில் பலவற்றுக்கு 2,000 அடி பக்கம் இருந்தால்தான் நிம்மதி. அதற்குக் கீழே போனால் பென்சிலால் குத்தியது போல ஒரு ஓட்டை போட்டுக்கொண்டு மறுபக்கம் வெளியேறிவிடும். அடிபட்ட எல்க் மலை தாண்டிப் போய் எங்கோ சாகும். கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது, அங்கே சுடுகிறவர்கள் இந்தக் கணக்கைத் தவிர்க்கவே முடியாது.

கிட்டத்தில் சுடும்போது பிரச்சினை தலைகீழாகும். அடர்ந்த காட்டில் 40 கஜத்தில் எல்க் எழுந்து நிற்கிறது, உங்களிடம் இருப்பதோ நெடுந்தூரத்துக்கென்று வாங்கிய மெல்லிய உறைக் குண்டு. மேக்னம் வேகத்தில் தோள் எலும்பில் பட்டால் மேலேயே சிதறிவிடலாம். போட்டிக்குச் சுடும் மேட்ச் குண்டுகளை, காகிதத்தில் துளைகள் ஒட்டி விழுகின்றன என்பதற்காக வேட்டைக்கு எடுத்துப் போவதும் இதே வகைத் தவறு. எல்லாவற்றுக்கும் ஒரே ரைஃபிள் என்றால், உறையோடு ஈயத்தைப் பிணைத்துச் செய்த பாண்டட் வகையோ நல்ல செம்புக் குண்டோ பாதுகாப்பான தேர்வு. கடைசி நூறு கஜத்தை விட்டுக்கொடுத்தால் போயிற்று.

தோட்டாப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் வேகத்தையும் அப்படியே நம்ப வேண்டாம். அது பெரும்பாலும் 24 அங்குலக் குழலில் அளந்தது. உங்கள் ரைஃபிளின் குழல் 20 அங்குலம் என்றால், அங்குலத்துக்கு 20 முதல் 30 அடி வீதம் கழித்துக்கொள்ளுங்கள். நூறு அடி வேகம் கடையிலேயே போய்விட்டது.

குழலின் உள்முறுக்கை, அதாவது குண்டைச் சுழற்றி நிலைப்படுத்தும் உள்வரிகளை, பார்க்காமல் வாங்குவது அடுத்தது. நீளமான, காற்றைக் கிழித்துப் போகும் புதுக் குண்டுகளுக்கு வேகமான முறுக்கு, அதாவது குறைந்த அங்குலத்தில் ஒரு சுற்று, வேண்டும். 1925-இல் வந்த .270 வின்செஸ்டர் ரைஃபிள்கள் வழக்கமாக 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று, 150 கிரெய்ன் வரை கவலையில்லை. அதே விட்டத்தில் 170 கிரெய்ன் நீளக் குண்டைப் போட்டால் அது நிலைகொள்ளாது. 2022-இல் வந்த 7 மி.மீ. பி.ஆர்.சி. தோட்டா தொடக்கத்திலேயே 8 அங்குல முறுக்கோடு வந்தது, புதிதாக வாங்குகிறவர்கள் அதைத் தேடுவதற்கு முக்கியக் காரணம் இதுதான். பழைய ரெமிங்டன் மேக்னம்களில் 9 அல்லது 9.5 அங்குலம் இருக்கும். மோசமில்லை, குண்டைப் பார்த்து வாங்கினால் போதும்.

குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்புக்கு மிச்சப் பணத்தைச் செலவழிப்பதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். ரைஃபிளுக்கு மொத்தத்தையும் கொட்டிவிட்டு, மேலே ஏதோ ஒன்றை மாட்டுவார்கள். 500 கஜத்தில் கிரீட்மோர் குண்டு, 200 கஜத்துக்கு ஜீரோ செய்த (அங்கே குறியும் குண்டும் ஒன்றுசேரும்படி அமைத்த) கோட்டிலிருந்து மூன்றரை அடிக்கு மேல் இறங்கியிருக்கும். அதை ஈடுகட்டத் திருகும் டரெட் என்ற குமிழ், பத்து முறை ஏற்றி இறக்கினாலும் அதே இடத்துக்குத் திரும்ப வேண்டும். மலிவுச் சரக்கு அங்கேதான் கைவிடும். ரெட்டிக்கிள் (உள்ளே தெரியும் குறிக்கோடுகள்) மில் கணக்கிலும் டரெட் எம்.ஓ.ஏ. கணக்கிலும் இருக்கும் ஸ்கோப்பை விலை குறைவு என்று வாங்காதீர்கள்; இரண்டும் வெவ்வேறு கோண அளவுகள். எல்க் திரும்பி நிற்கும் மூன்று வினாடியில் வகுத்தல் கணக்குப் போட முடியாது.

காற்றை எந்தத் தோட்டாவும் ஒழித்துவிடாது. குறுக்கே மணிக்கு 10 மைல் காற்று வீசினால், மேலே சொன்ன கிரீட்மோர் குண்டு 300 கஜத்தில் சுமார் 6 அங்குலம் நகரும். 500-இல் 16, 17 அங்குலம். புராங்ஹார்னின் உயிர்நிலை (இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி) 8 அங்குலம்தான். தவிர, குண்டு போய்ச் சேரவே அரை வினாடிக்கு மேல் ஆகும், அதற்குள் மிருகம் ஒரு அடி எடுத்து வைத்தால் நெஞ்சுக்குக் குறிவைத்தது வயிற்றில் படும். தியோடர் ரூஸ்வெல்ட் 1887-இல் தொடங்கிய பூன் அண்ட் கிராக்கெட் கிளப், நெடுந்தூரச் சூட்டை மிருகத்துக்கு இழைக்கும் அநியாயமாகவே பார்க்கிறது. அதற்காக இத்தனை கஜம் என்று எண் எதையும் வரையறுக்காமல், வேட்டைக்காரரின் நோக்கத்தை வைத்துப் பேசுகிறது. நியாயமாகத்தான் படுகிறது.

உங்கள் தூர எல்லையை நீங்களே கண்டுபிடிக்கலாம். சாப்பிடும் காகிதத் தட்டு ஒன்றைக் குத்தி வைத்து, மேசையை விட்டு எழுந்து, முதுகுப்பையின் மேலோ உட்கார்ந்தபடியோ மூச்சு வாங்க வாங்கச் சுடுங்கள். எல்லாத் தோட்டாவும் தட்டில் படுகிற கடைசித் தூரம் எதுவோ அதுதான் உங்கள் எல்லை. முதல் தடவை பலருக்கும் அது 250 கஜம் தாண்டாது.

தோட்டா கிடைக்குமா என்று பார்க்காமல் அரிய தோட்டாவுக்கான ரைஃபிளை வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் 2020, 2021 தட்டுப்பாட்டில் கையைப் பிசைந்தார்கள். மலையடிவாரச் சிற்றூர்க் கடையில் .30-06, .308, 7 மி.மீ. ரெமிங்டன் மேக்னம் கிடைக்க வாய்ப்பு அதிகம். உங்கள் தோட்டாப் பையைத் தொலைத்த விமான நிறுவனத்துக்கு உங்கள் ரசனை தெரியாது.

கடைசியாகச் சட்டம். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இன்று வேட்டைப் பேச்சுக்கே இடமில்லை. அமெரிக்காவில் ஹெச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் பொதுவாகத் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது, முறையான வேட்டை உரிமம் கையில் இருந்தால் விலக்கு உண்டு. ரைஃபிளை முதலில் வாங்கிவிட்டு உரிமத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் அது கூட்டரசுக் குற்றம். கொலராடோவில் 1949 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர் பொதுவாக வேட்டைப் பாடம் முடித்திருந்தால்தான் உரிமமே கிடைக்கும். எல்க்குக்குக் குறைந்தது .24 அங்குல விட்டம், 85 கிரெய்ன் விரியும் குண்டு, 100 கஜத்தில் 1,000 அடி-பவுண்டு என்பது அங்குள்ள விதி. இது குறைந்தபட்சம்தான், பரிந்துரை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.